அப்பாவின் ரத்தத்தில் அந்த ஹார்மோன் ஏன் ஏறியது?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். யார் என்று தெரிந்துவிடக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு வயது 64. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர். மூன்று வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். போன தீபாவளிக்கு அப்புறம் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது, ராத்திரி இரண்டு தலையணை வைத்தால்தான் தூக்கம், சாயங்காலமானால் கணுக்கால் வீக்கம். எக்கோவில் இதயத்தின் பம்பிங் 32 சதவீதம் என்று வந்தது. ரத்தப் பரிசோதனையில், இதயம் சுரக்கும் பிஎன்பி என்ற ஹார்மோன் ஏறியிருப்பதைக் காட்டும் என்டி-புரோபிஎன்பி 2,140. அவரைப் பார்க்கும் டாக்டர், அதுவரை சாப்பிட்டுவந்த ராமிப்ரிலை நிறுத்தச் சொல்லி, இரண்டு நாள் இடைவெளி விட்டு, சாக்குபிட்ரில்-வால்சார்டன் 50 மி.கி. மாத்திரையைக் காலையும் இரவும் எழுதிக் கொடுத்தார். கூடவே மெட்டோப்ரோலால், ஸ்பைரோனோலாக்டோன், ஒரு நீர் மாத்திரை.

ஆறு வாரத்தில் வீக்கம் வடிந்துவிட்டது, ஒரு தலையணையிலேயே தூங்குகிறார். ஆனால் கட்டிலிலிருந்து எழுந்தால் தலை சுற்றுகிறது, ஒருநாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பிரஷர் 98/62. இதற்கு நடுவில் வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. இந்தப் புது மாத்திரை ரத்தத்தில் அதே ஹார்மோனை ஏற்றுகிறது என்று தம்பி எங்கோ படித்துவிட்டார். வேறொரு லேபில் எடுத்த பரிசோதனையில் பிஎன்பி 610 என்று வந்ததைப் பார்த்து, 2,140 எங்கே 610 எங்கே, நோய் போய்விட்டது, மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறார் அம்மா. அப்பாவோ, எனக்குப் பழைய மாத்திரைதான் ஒத்துக்கொண்டது, அலமாரியில் இன்னும் இரண்டு அட்டை இருக்கிறது, அதையே போட்டுக்கொள்கிறேன் என்கிறார். கடைசியாக ஒரு கேள்வி: இந்த ஹார்மோன் உப்பை வெளியேற்றும் ஹார்மோன் என்றால், அப்பாவுக்குக் கருவாடு கொடுக்கலாம்தானே?

"ஏற்கெனவே ஏறிக்கிடக்கிற ஹார்மோனை இன்னும் ஏத்துற மாத்திரையை எதுக்கு சார் கொடுக்கணும்?" இதுதான் கடிதத்தின் நடுவில் இருக்கும் வரி.

அன்புள்ள வாசகிக்கு,

அந்த ஒரு வரிக்குத்தான் பெரும்பாலும் பதில் எழுதப்போகிறேன், ஏனென்றால் அது புரிந்துவிட்டால் மற்ற கேள்விகள் பாதி தானாகத் தீர்ந்துவிடும். ஆனால் அதற்கு முன்னால் அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது.

முதலில் அலமாரியில் இருக்கும் அந்த இரண்டு அட்டை

ராமிப்ரிலையும் சாக்குபிட்ரில்-வால்சார்டனையும் ஒன்றாகவோ, ஒன்றை விட்ட கையோடு இன்னொன்றையோ சாப்பிடவே கூடாது. இரண்டுக்கும் நடுவில் குறைந்தது 36 மணி நேரம் இடைவெளி வேண்டும். பழையதிலிருந்து புதியதற்கு மாறும்போதும் சரி, புதியதிலிருந்து பழையதற்குத் திரும்பும்போதும் சரி. உங்கள் டாக்டர் "இரண்டு நாள் விட்டு ஆரம்பியுங்கள்" என்று சொன்னது இதற்காகத்தான். அப்பா ஒருநாள் காலையில் புது மாத்திரையைப் போட்டு, தலை சுற்றுகிறதே என்று அன்றைக்கு ராத்திரியே பழைய அட்டையைப் பிரித்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உதடு, நாக்கு, தொண்டை என்று வீங்கி மூச்சுக்குழாயை அடைக்கும் அளவுக்குப் போகலாம். எல்லோருக்கும் நடக்காது. நடந்தால் உயிருக்கே ஆபத்து.

நான் புதுச்சேரியில் இதய நோயாளிகளைப் பார்க்கிறவன். இந்த மாத்திரை வந்த புதிதில் ஒரு பெரியவர் இப்படித்தான், வீட்டில் மிச்சமிருந்த எனலாப்ரில் வீணாகப் போகிறதே என்று அதையும் சேர்த்துச் சாப்பிட்டிருக்கிறார். காலையில் கண்ணாடியில் பார்த்தால் கீழுதடு ஒரு பக்கம் தடித்திருக்கிறது. எறும்பு கடித்திருக்கும் என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். பேச்சு குழறத் தொடங்கிய பிறகுதான் மகன் பதறிக் கூட்டிவந்தார். பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து இந்த மாத்திரையை எழுதும்போதெல்லாம், வீட்டில் இருக்கும் பழைய அட்டைகளை ஒரு பையில் போட்டு என்னிடமே கொண்டுவரச் சொல்கிறேன்.

பெயரில் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால், "ப்ரில்" என்று முடிகிற மாத்திரைகள் எல்லாம் ஒரே குடும்பம்: ராமிப்ரில், எனலாப்ரில், லிசினோப்ரில், பெரிண்டோப்ரில். இதில் எதுவும் புது மாத்திரையோடு சேராது. டெல்மிசார்டன், லோசார்டன் மாதிரி "சார்டன்" என்று முடிவதையும் கூடவே போடக்கூடாது, ஏனென்றால் புது மாத்திரைக்குள்ளேயே வால்சார்டன் இருக்கிறது.

அந்த ஹார்மோன் யார் பக்கம்?

இப்போது உங்கள் கேள்வி. ரத்தத்தில் ஒரு பொருள் அதிகமாக இருந்தால் அது கெட்டது, குறைக்க வேண்டும் என்றுதான் நாம் எல்லோரும் பழகியிருக்கிறோம். சுகர் அப்படி, கொலஸ்ட்ரால் அப்படி. பிஎன்பி அந்த வரிசையில் வராது. அது நோய் தரும் பொருள் இல்லை, கஷ்டப்படுகிற இதயம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள தானே சுரக்கும் மருந்து. வீட்டில் தீப்பிடித்தால் தண்ணீர் வண்டி வருகிறது. வண்டி நிறைய நிற்கிறது என்றால் தீ பெரிது என்று தெரிகிறது, அதற்காக வண்டியைத் திருப்பி அனுப்ப மாட்டோம்.

இதயம் வெறும் பம்பு என்றுதான் ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1950-களில் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது இதயத்தின் மேலறைச் செல்களுக்குள் சின்னச் சின்னக் குருணைகள் தெரிந்தன, ஹார்மோன் சுரப்பிகளில் இருப்பது போலவே. அவை எதற்கு என்று தெரியவில்லை. 1981-ல் கனடாவின் கிங்ஸ்டன் நகரில் அடோல்ஃபோ டி போல்ட் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவும் எலியின் மேலறைத் தசையை அரைத்து, அந்தச் சாற்றை வேறு எலிகளுக்கு ஊசியாகப் போட்டார்கள். சில நிமிடங்களில் அந்த எலிகளுக்குச் சிறுநீர் பெருகியது, அதில் உப்பும் ஏகப்பட்டது போனது, ரத்த அழுத்தம் இறங்கியது. இதயம் ஹார்மோனும் சுரக்கிறது என்பது அப்படித்தான் உறுதியானது. அதுதான் ஏஎன்பி. 1988-ல் ஜப்பானில் கங்காவா, மட்சுவோ குழுவினர் பன்றியின் மூளையிலிருந்து இதேபோல இன்னொன்றைப் பிரித்தெடுத்தார்கள், அதனால் அதற்கு மூளையின் பெயர் வைத்துவிட்டார்கள். பிறகுதான் அது அதிகமாக வருவது இதயத்தின் கீழறையிலிருந்து என்று தெரிந்தது, ஆனால் பெயர் அப்படியே நின்றுவிட்டது. உங்கள் அப்பாவின் ரிப்போர்ட்டில் இருக்கும் பிஎன்பி இதுதான். 1990-ல் அதே குழு மூன்றாவதையும் கண்டுபிடித்தது, சிஎன்பி. இது ரத்தக்குழாயின் உள்சுவரிலேயே சுரந்து, பக்கத்தில் இருக்கும் தசைக்கு மட்டும் வேலை செய்கிறது. மூன்றுக்கும் சேர்த்து நாட்ரியூரெட்டிக் பெப்டைடு என்று பெயர். சிறுநீரில் சோடியத்தை வெளியேற்றும் பெப்டைடு என்பதுதான் பொருள்.

எப்போது சுரக்கும்? இதயத்தின் சுவர் இழுபடும்போது. உடம்பில் நீரும் உப்பும் தேங்கி, அறைகள் ரத்தத்தால் விரியும்போது அந்தத் தசைநார்களே இதை வெளியே விடுகின்றன. வெளியே வந்ததும் நேராக ரத்தக்குழாய்களுக்குப் போகிறது.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், இதுதான் முக்கியமான இடம். நம் ரத்தக்குழாய் தண்ணீர் பைப் மாதிரி விறைப்பாக இருப்பதில்லை. அதன் சுவரில் சுற்றிவளைத்து மெல்லிய தசை இருக்கிறது, அந்தத் தசை இறுகினால் குழாய் குறுகும், தளர்ந்தால் விரியும். தசை இறுக அதற்குள் கால்சியம் ஏற வேண்டும். இந்த ஹார்மோன் தசைச் செல்லின் மேல் இருக்கும் தனக்கான ஏற்பியில் போய் உட்காருகிறது, உடனே செல்லுக்குள் சைக்ளிக் ஜிஎம்பி என்ற ஒரு தூது மூலக்கூறு உண்டாகிறது, அது கால்சியத்தை இறக்குகிறது, தசை தளர்கிறது. குழாய் விரிந்தால் இதயம் எந்த எதிர்ப்புக்கு எதிராகத் தள்ளவேண்டுமோ அந்த எதிர்ப்பு குறைகிறது. அப்பாவுக்கு நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு மாத்திரை கொடுத்திருப்பார்களே, அதுவும் கடைசியில் இதே சைக்ளிக் ஜிஎம்பியைத்தான் கூட்டுகிறது, நைட்ரிக் ஆக்சைடு என்ற வேறு கதவு வழியாக உள்ளே போய். அந்த மாத்திரையை வைத்தவுடன் நெஞ்சு இளகுகிற மாதிரி இருப்பதற்கும், பிஎன்பி செய்கிற வேலைக்கும் உள்ளே ஒரே இயந்திரம்தான்.

அதோடு நிற்பதில்லை. சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் நுண்குழாயை விரித்து, வெளியேறும் நுண்குழாயைச் சற்று இறுக்கி, வடிகட்டும் அழுத்தத்தைக் கூட்டுகிறது, அதனால் உப்பும் நீரும் வெளியேறுகின்றன. உப்பைப் பிடித்துவைக்கும் ரெனின், ஆல்டோஸ்டிரோன் ஹார்மோன்களை அடக்குகிறது. இதயத் தசையும் குழாய்ச் சுவரும் தடித்து நாராகிப்போவதையும் தடுக்கப் பார்க்கிறது.

இவ்வளவு நல்லது செய்கிற ஹார்மோன் அவ்வளவு ஏறியிருந்தும் அப்பாவுக்கு ஏன் மூச்சு வாங்கியது? நியாயமான கேள்வி. இதய பலவீனத்தில் இந்த ஹார்மோனுக்கு எதிர்த்தரப்பு ரொம்பப் பலமாக இருக்கும். ஆஞ்சியோடென்சின் குழாயை இறுக்குகிறது, ஆல்டோஸ்டிரோன் உப்பைப் பிடிக்கிறது, அட்ரினலின் இதயத்தை விரட்டுகிறது. நாள்பட இந்த ஹார்மோனின் ஏற்பிகளும் மந்தமாகிவிடுகின்றன, சுரப்பதிலும் ஒரு பகுதி முழுதாக வெட்டப்படாத, வீரியம் குறைந்த வடிவமாகவே வெளிவருகிறது. போதாததற்கு நெப்ரிலைசின் என்ற ஒரு என்சைம் இதை வெட்டிப்போடுகிறது. ஏஎன்பி ரத்தத்தில் பாதியாகக் குறைய இரண்டு மூன்று நிமிடம் போதும், பிஎன்பிக்கு சுமார் இருபது நிமிடம். வருவதற்குள் காலியாகிவிடுகிறது.

சாக்குபிட்ரில் அந்த நெப்ரிலைசினைத் தடுக்கிறது. அதாவது மாத்திரை வெளியிலிருந்து எதையும் புதிதாக ஏற்றவில்லை, அப்பாவின் இதயம் சுரந்ததை வெட்டுப்படாமல் கொஞ்ச நேரம் கூடுதலாக வைத்திருக்கிறது. உங்கள் தம்பி படித்தது தப்பில்லை, இந்த மாத்திரையில் பிஎன்பி ஏறத்தான் செய்யும். அது ஏறுவதுதான் மாத்திரை செய்யும் வேலை என்பது மட்டும் அவருக்கு விட்டுப்போயிருக்கிறது, அவரிடம் இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள்.

கூடவே வால்சார்டன் ஏன் என்றால், நெப்ரிலைசின் ஆஞ்சியோடென்சினையும் வெட்டுகிற என்சைம், அதைத் தடுத்தால் குழாயை இறுக்கும் ஆஞ்சியோடென்சினும் சேர்ந்தே கூடும், அதன் கையைக் கட்ட வால்சார்டன். சரி, அந்த வேலையை ராமிப்ரிலே செய்யாதா என்று தோன்றும். அங்கேதான் நான் முதலில் சொன்ன வீக்கம் வருகிறது. பிராடிகைனின் என்று ஒரு பொருள், குழாயைக் கசிய வைத்து வீங்கச் செய்யும். அதை உடைப்பவர்கள் முக்கியமாக இரண்டு பேர், ஒன்று நெப்ரிலைசின், இன்னொன்று ராமிப்ரில் தடுக்கும் ஏசிஇ என்சைம். இரண்டையும் ஒரே நேரத்தில் அடைத்தால் பிராடிகைனின் தேங்கிவிடும். ஒமாபட்ரிலாட் என்று இரண்டையும் ஒரே மாத்திரையில் தடுக்கும் மருந்து ஒன்று 2000-ஐ ஒட்டிய வருடங்களில் பெரிய ஆய்வுகள் வரை போனது, இந்த வீக்கம் அதிகமாக வந்ததால் கைவிட்டார்கள். அப்பா பழைய அட்டையை எடுத்துச் சேர்த்துப் போட்டுக்கொண்டால், கைவிடப்பட்ட அந்த மருந்தை வீட்டிலேயே செய்து சாப்பிடுவதற்குச் சமம்.

பலன் இருக்கிறதா என்றால், 2014-ல் வெளிவந்த பாரடைம் ஆய்வில் பம்பிங் குறைந்த 8,442 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு எனலாப்ரில், இன்னொரு பிரிவுக்கு இந்த மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டேகால் வருடம்போலக் கவனித்ததில், இதயநோயால் இறந்தவர்களும் இதய பலவீனத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களும் சேர்த்து எனலாப்ரில் பிரிவில் 26.5 சதவீதம், இந்தப் பிரிவில் 21.8 சதவீதம். நூறு பேரில் ஐந்து பேர் போல. வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். அந்த ஐந்து பேரில் உங்கள் அப்பா இருப்பாரா என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் வீக்கம் வடிந்து ஒரு தலையணைக்கு வந்திருக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

2,140 வேறு, 610 வேறு

அம்மாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள், பாவம், அவர் சந்தோஷப்பட்டிருக்கிறார். இரண்டும் ஒரே பரிசோதனை கிடையாது. இதயம் முதலில் 108 அமினோ அமிலம் கொண்ட ஒரு நீளமான சங்கிலியைத் தயாரிக்கிறது. அது இரண்டாக வெட்டுப்படும்போது 32 கொண்ட துண்டு பிஎன்பி, வேலை செய்கிற ஹார்மோன். மீதி 76 கொண்ட துண்டு என்டி-புரோபிஎன்பி, அதற்கு வேலை எதுவும் கிடையாது, ஆனால் ரத்தத்தில் அதிக நேரம் தங்குவதால் அதன் எண் எப்போதுமே பிஎன்பியை விடப் பல மடங்கு பெரிதாக இருக்கும். ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடுவது படியில் அளந்ததைக் கிலோவில் எடைபோட்டதோடு ஒப்பிடுவது மாதிரி.

அதற்கு மேல், இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு பிஎன்பி பார்ப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நெப்ரிலைசின் வெட்டாததால் அது மாத்திரையினாலேயே ஏறியிருக்கலாம். என்டி-புரோபிஎன்பியை நெப்ரிலைசின் தொடுவதே இல்லை, அதனால் அது இறங்கினால் இதயச் சுவரின் இழுவிசை உண்மையிலேயே குறைந்திருக்கிறது என்று நம்பலாம். ஆகவே அடுத்த முறை என்டி-புரோபிஎன்பியையே எடுங்கள், முடிந்தால் முதலில் எடுத்த அதே லேபில். அது 2,140-லிருந்து 1,900 ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நாளுக்கு நாள் அந்த அளவுக்கு ஏறி இறங்கும். முப்பது சதவீதத்துக்கு மேல் இறங்கினால்தான் அர்த்தமுள்ள இறக்கம் என்று நாங்கள் பார்ப்போம். இறங்கினாலும் அது மாத்திரையை நிறுத்தச் சொல்லும் எண் இல்லை.

இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வயதானாலோ, சிறுநீரகம் சரியில்லாவிட்டாலோ, இதயத்துடிப்பு தாறுமாறாக இருந்தாலோ இந்த எண் கூடும், உடம்பு பருமனாக இருந்தால் குறைத்துக் காட்டும். அதனால்தான் டாக்டர் எண்ணை மட்டும் பார்க்காமல், கட்டை விரலால் முழங்காலுக்குக் கீழ் எலும்பின் மேல் அழுத்திப் பார்க்கிறார். அப்பாவுக்கு நீங்களும் செய்து பாருங்கள். பத்து நொடி அழுத்தி எடுங்கள், விரல் பதிந்த குழி அப்படியே நின்றால் நீர் இருக்கிறது, தோல் உடனே எழும்பினால் வடிந்துவிட்டது.

தலைசுற்றல்

இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அடுத்த முறை கதவு இல்லாத இடத்தில் விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும். அதே ஆய்விலேயே, பிரஷர் இறங்கித் தொந்தரவு தந்தது எனலாப்ரில் பிரிவில் சுமார் 9 சதவீதம் பேருக்கு, இந்த மாத்திரையில் 14 சதவீதம் பேருக்கு. குழாய் தளர்ந்திருக்கிறது, எழுந்து நிற்கும்போது ரத்தம் காலுக்கு இறங்குகிறது, குழாய் இறுகி அதை மேலே தள்ளக் கொஞ்சம் தாமதமாகிறது, அந்தச் சில நொடிதான் கிறுகிறுப்பு.

ஆனால் பழியை நேராகப் புது மாத்திரை மேல் போடுவதற்கு முன் மற்றதையும் பாருங்கள். எனக்கு முதலில் சந்தேகம் வருவது நீர் மாத்திரை மேல்தான். வீக்கம் இருந்தபோது கொடுத்த அளவு, வீக்கம் வடிந்த பிறகும் அப்படியே போய்க்கொண்டிருந்தால் உடம்பு வறண்டுவிடும். பல நேரம் டாக்டர் நீர் மாத்திரையைக் குறைத்தாலே தலைசுற்றல் நின்றுவிடுகிறது, புது மாத்திரையைத் தொடவே வேண்டியதில்லை. அடுத்தது, வேறு டாக்டர் ஏதாவது எழுதியிருக்கிறாரா? அப்பாவின் வயதில் சிறுநீர் அடைப்புக்கு டாம்சுலோசின் போன்ற மாத்திரை கொடுப்பது சாதாரணம், அதுவும் நிற்கும்போது பிரஷரை இறக்கும். அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை இருந்தாலும் சொல்லுங்கள். இதெல்லாம் சரிசெய்தும் சுற்றினால், மாத்திரைகளை வெவ்வேறு நேரத்துக்குப் பிரிக்கலாம், கடைசியாகப் புது மாத்திரையின் அளவைக் குறைக்கலாம். எதை, எவ்வளவு என்பதை அவரைத் தொட்டுப் பார்க்கும் டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும், கடிதத்தைப் படித்துவிட்டு நான் செய்தால் அது தப்பு. நீங்களாக மாத்திரையைப் பாதியாக உடைக்கவும் வேண்டாம்.

டாக்டரிடம் போகும் முன் மூன்று நாள் இப்படிக் குறித்துக்கொண்டு போங்கள். காலையில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் கழித்து பிரஷர், எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்று நிமிடத்தில் ஒன்று. பக்கத்தில் யாராவது நிற்க வேண்டும். நின்றால் மேல் எண் 20-க்கு மேல் இறங்குகிறதா என்பதுதான் அவருக்குத் தேவை. 98 என்கிற எண் மட்டும் பயமுறுத்தாது, தொந்தரவு இல்லாமல் 98-ல் நன்றாக நடமாடுகிறவர்கள் எங்களிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். கூடவே ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம் இரண்டும் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். மாத்திரை ஆரம்பித்த இரண்டு வாரத்துக்குள் பார்த்திருக்க வேண்டும், உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

கேட்பதற்குத் தயங்காதீர்கள். எக்கோ ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றுக்கும் நகல் வாங்கிக்கொள்வது உங்கள் உரிமை. இன்னொரு டாக்டரிடம் கருத்து கேட்பதும் அப்படித்தான், ஜிப்மரோ வேறு இடமோ, பார்க்கிற டாக்டர் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்படிப் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் அப்படியே கொண்டுபோங்கள். செலவு பற்றி நீங்கள் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், அதையும் கவனித்தேன். 2023-ல் இந்த மருந்தின் காப்புரிமை முடிந்த பிறகு நிறைய கம்பெனிகள் செய்ய ஆரம்பித்து விலை நன்றாக இறங்கிவிட்டது. டாக்டரிடம் மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லி, மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் இருக்கிறதா என்று கேட்டுப்பாருங்கள். காசு இல்லை என்று ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுவதை விட, கட்டுபடியாகவில்லை என்று டாக்டரிடம் நேராகச் சொல்வது மேல்.

கருவாடு

முதுநகரில் பிறந்து வளர்ந்த மனுஷரிடம் கருவாட்டை விடச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நெத்திலிக் கருவாடு வறுபடும் வாசனை பக்கத்து வீட்டிலிருந்து வந்தாலே சோறு இறங்கும். ஆனால் பதில், கூடாது. இந்த ஹார்மோன் உப்பை வெளியேற்றப் பார்க்கிறது என்பது உண்மை, ஆனால் அப்பாவின் உடம்பில் உப்பைப் பிடித்துவைக்கும் பக்கம் இன்னும் பலமாக இருக்கிறது, மாத்திரைகள் அந்தத் தராசைக் கொஞ்சம் சாய்த்திருக்கின்றன, அவ்வளவுதான். ஒரு வேளைக் கருவாட்டுக் குழம்பு அதைத் திருப்பிவிடப் போதும். தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினால் மேலே இருக்கும் உப்பு போகும், உள்ளே ஏறியது முழுதாகப் போகாது. உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்குமே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் என்கிறது. அப்பாவுக்குப் பச்சை மீன் கொடுங்கள், சங்கரா, நெத்திலி, எது கிடைத்தாலும் புளியும் மிளகும் தூக்கலாக, உப்பைக் குறைத்து. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் இவற்றையும் கருவாட்டோடு சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. உப்புக்குப் பதிலாக "சோடியம் குறைந்த உப்பு" என்று கடையில் விற்பதை வாங்கிவிடாதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். வால்சார்டனும் ஸ்பைரோனோலாக்டோனும் ஏற்கெனவே பொட்டாசியத்தை உடம்பில் நிறுத்திவைக்கின்றன, அதற்கு மேல் ஏறினால் துடிப்பே தடுமாறும். இளநீர் தினமும் வேண்டாம் என்பதும் இதற்காகத்தான். மூட்டுவலி என்றால் மெடிக்கலில் கேட்டு டைக்லோஃபெனாக் வாங்கிப் போடுவதும் கூடாது, அது சிறுநீரகத்தையும் கெடுத்து நீரையும் தேக்கும்.

தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், எடை பார்த்துக் காலண்டரிலேயே எழுதிவிடுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர், அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். உதடோ நாக்கோ முகமோ வீங்கினால், படுத்தால் மூச்சு முட்டினால், மயங்கி விழுந்தால், யோசிக்காமல் 108.

இதைப் படித்து முடித்ததும் அலமாரியைத் திறந்து அந்த இரண்டு ராமிப்ரில் அட்டையையும் எடுத்து உங்கள் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். அப்பா கேட்டால், டாக்டரிடம் காட்டக் கொண்டுபோகிறேன் என்று சொல்லுங்கள். அடுத்த முறை போகும்போது அப்படியே காட்டியும் விடுங்கள்.